ரவுட்டர் மேசையில் பாக்ஸ் ஜாயிண்ட்: ஜிக் வாங்கும் முன் பிட்டை அளந்து பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அரை அங்குல காலெட் (பிட்டின் தண்டைக் கவ்வும் பிடி) உள்ள ரவுட்டர், அதாவது சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் கருவி, வைத்திருக்கிறீர்கள். அதைத் தலைகீழாக மாட்டும் மேசை நீங்களே செய்தது. 12 மி.மீ. ப்ளைவுட்டிலும் தேக்கிலும் இழுப்பறைகள், சிறு பெட்டிகள் செய்ய வேண்டும். மூலைகளில் பாக்ஸ் ஜாயிண்ட், அதாவது இரு பலகைகளின் ஓரத்தில் வெட்டிய சதுரப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் இணைப்பு. அந்தப் பற்களைச் சீராக வெட்ட வழிகாட்டும் சாதனமான ஜிக்கை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா, நீங்களே செய்துகொள்வதா? அதே ஜிக் 18 மி.மீ. பலகைக்கும் ஒத்துவருமா?

என் பதில்: இப்போதைக்கு ஜிக் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஸ்பைரல் (சுருள் விளிம்புள்ள) பிட்டுக்கும் நுண்ணளவு பார்க்கும் ஒரு வெர்னியர் காலிப்பருக்கும் செலவிடுங்கள். ஜிக்கை ஒரு பிற்பகலில் நீங்களே செய்துவிடலாம். வாங்குவதுதான் சரி என்று சொல்லக்கூடிய சூழலும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், இந்த ஜிக் என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். விளம்பரங்களைப் பார்த்தால் பெரிய வித்தை போலத் தெரியும். உள்ளே இருப்பது இரண்டே அளவுகள். பிட் வெட்டும் காடியின் (பள்ளத்தின்) அகலம் ஒன்று. பிட்டுக்கும் அதன் பக்கத்தில் நிற்கும் முளைக்கும் இடையிலுள்ள இடைவெளி மற்றொன்று. பலகையின் ஓரத்தை முளையில் முட்டவைத்து முதல் காடியை வெட்டுகிறீர்கள். அந்தக் காடியைத் தூக்கி முளையின் மேல் உட்காரவைத்து அடுத்ததை வெட்டுகிறீர்கள். இப்படியே பலகை முடியும்வரை போகிறது. காடியின் அகலத்தைப் பிட் தீர்மானிக்கிறது. பல்லின் அகலத்தை அந்த இடைவெளி தீர்மானிக்கிறது. இடைவெளி காடியைவிட ஒரு மயிரிழை குறைவாக இருந்தால் இணைப்பு கையால் அழுத்தும்போதே உள்ளே போகும். கூடுதலாக இருந்தால் சுத்தியல் கேட்கும். மிகவும் குறைந்தால் ஆடும். முளையைப் பிட்டிலிருந்து தள்ளி வைத்தால் இறுக்கம், கிட்டே கொண்டுவந்தால் தளர்வு. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் எந்த ஜிக்கின் கையேடும் தேவைப்படாது.

"பிழை சேர்ந்துகொண்டே போகும், பத்தாவது பல்லில் ஒரு மில்லிமீட்டர் தவறிவிடும்" என்று பலர் பயமுறுத்துவார்கள். அது பாதி உண்மை. இரண்டு பலகைகளையும் ஒரே ஜிக்கில், ஒரே அமைப்பில் வெட்டும்போது பல்லும் காடியும் சேர்ந்த கட்டம் இரண்டிலும் ஒன்றேதான். அது 24 மி.மீ. ஆனாலும் 24.1 மி.மீ. ஆனாலும் இரண்டு பலகையும் ஒன்றாகவே தவறும், ஆகவே ஒன்றுக்குள் ஒன்று பொருந்திவிடும். கடைசிப் பல் மட்டும் நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் முடியாது, அவ்வளவே. உண்மையான ஆபத்து ஒழுங்கற்ற பிழையில் இருக்கிறது. முளை காடியைவிட மெலிந்திருந்து, ஒருமுறை பலகையை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் தள்ளி வைத்தால், ஒவ்வொரு வெட்டிலும் கட்டம் மாறும். அப்படி மாறியது தான் குவிந்து, கடைசியில் இணைப்பையே உள்ளே விடாமல் செய்யும்.

இதற்கு மருந்து, முளையைப் பிட்டின் வலப்பக்கம் வைப்பது. மேசையில் தலைகீழாகத் தொங்கும் ரவுட்டரின் பிட், மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. பலகையை உங்களிடமிருந்து எதிர்ப்பக்கமாகத் தள்ளும்போது பிட் அதை வலப்பக்கம் இழுக்கும். முளை வலப்பக்கம் இருந்தால் அந்த இழுப்பே பலகையை முளையோடு ஒட்டவைக்கும். நீங்களும் ஒவ்வொரு முறையும் வலப்பக்கமே அழுத்திப் பிடித்தால், முளையின் பிட்டைப் பார்க்கும் முகம் மட்டுமே கணக்கில் வரும். முளை 0.1 மி.மீ. மெலிந்திருந்தாலும் பல்லின் அகலம் மாறாது. இடப்பக்கம் முளை வைத்தால் பிட் பலகையை முளையிலிருந்து பிரித்து இழுக்கும், முதல் வெட்டிலேயே. சில படங்களில் முளையை இடப்பக்கம் வைத்திருப்பதைக் காண்பீர்கள். அவை பெரும்பாலும் மேசை ரம்பத்துக்கானவை. ரம்பத் தட்டு பக்கவாட்டில் இழுக்காது, ஆகையால் அங்கே எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான்.

இனி பிட். நம் ஊர்க் கடைகளில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. "கால் இஞ்ச்" என்று கேட்டால் 6 மி.மீ. பிட்டும் கொடுப்பார்கள், 6.35 மி.மீ. பிட்டும் கொடுப்பார்கள். "அரை இஞ்ச்" என்றால் 12 மி.மீ. அல்லது 12.7 மி.மீ. ஜிக்கின் உலகத்தில் 0.35 மி.மீ. என்பது மாபெரும் இடைவெளி. ஒரு நல்ல இணைப்பில் பல்லுக்கும் காடிக்கும் உள்ள வித்தியாசமே 0.05 முதல் 0.1 மி.மீ. தான். சாதாரண ஏ4 தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். எனவே பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். ஒரு வீணான பலகையில் காடி வெட்டி, அந்தக் காடியை அளந்து பாருங்கள். பிட்டை நேரடியாக அளப்பதைவிட இது மேல். பிட்டின் அளவோடு ரவுட்டர் தண்டின் ஆட்டமும் காடியில் சேர்ந்தே பதிவாகும்.

தண்டின் அளவும் கவனிக்க வேண்டியது. 12 மி.மீ. தண்டை 12.7 மி.மீ. காலெட்டில் மாட்டி இறுக்குவதும், 6 மி.மீ. தண்டை 6.35 காலெட்டில் மாட்டுவதும் ஆபத்து. இறுகியது போலத் தெரியும், ஓடும்போது நழுவி மேலே ஏறும். உங்களிடம் இருப்பது அரை அங்குல காலெட் என்றால் 12.7 மி.மீ. தண்டு உள்ள பிட்டையே வாங்குங்கள், அல்லது சரியான அளவுக்கான குறைப்புக் குழாயைப் பயன்படுத்துங்கள்.

வெட்டும் வடிவத்தில் அப்-கட் ஸ்பைரல்தான் என் தேர்வு. மேசையில் பொருத்தும்போது அது தூளைக் கீழே, ரவுட்டரை நோக்கி இழுக்கும். பலகையையும் மேசையோடு அழுத்தும். டவுன்-கட் இதற்கு நேர்மாறு, பலகையை மேலே தூக்கும், காடிக்குள் தூளை அடைத்துச் சூடாக்கும். இந்த வேலைக்கு அது வேண்டாம். நேர் விளிம்புள்ள இரண்டு பற் பிட் விலை குறைவு, தேக்கில் பரவாயில்லாமல் வெட்டும். ப்ளைவுட்டின் மேல் வெனீரை மட்டும் கொஞ்சம் பிய்க்கும்.

எந்த அகலம்? 12 மி.மீ. பலகைக்கு 6.35, 12.7 இரண்டுமே பொருந்தும். வலிமைக்கு 6.35 மேல். 120 மி.மீ. உயரமுள்ள பலகையில் 12 மி.மீ. பற்கள் பத்து வரும், ஒன்றையொன்று தொடும் பக்கங்கள் ஒன்பது. ஒவ்வொன்றும் 12க்கு 12, ஆக மொத்தம் 1,296 சதுர மி.மீ. பசைப் பரப்பு. பல் 6 மி.மீ. ஆனால் தொடும் பக்கங்கள் பத்தொன்பது, பரப்பு 2,736 சதுர மி.மீ. இரண்டு மடங்குக்கும் மேல். அதுவும் நார் நீளவாக்கில் ஓடும் பக்கங்கள், பசை பிடிப்பதற்கென்றே அமைந்தவை. ஆனால் மெல்லிய பிட் வளையும், பொறுமையைச் சோதிக்கும். பத்து இழுப்பறை வரிசையாகச் செய்ய வேண்டுமானால் நான் 12.7ஐ எடுப்பேன். நகைப்பெட்டி, மசாலாப் பெட்டி என்றால் 6.35. பார்க்கவும் அதுதான் அழகு.

கடையில் கிடைக்கும் ஜிக்குகளைப் பற்றி. ராக்லர் நிறுவனத்தின் ரவுட்டர் மேசை ஜிக் மூன்று அளவுகளுக்கானது: கால் அங்குலம், எட்டில் மூன்று பங்கு அங்குலம் (9.5 மி.மீ.), அரை அங்குலம். பித்தளை முளையின் அகலத்தைச் சற்றே கூட்டிக் குறைக்க முடியும், அது நல்ல யோசனை. ஆனால் உங்கள் பிட் 6 அல்லது 12 மி.மீ. ஆக இருந்தால் இது உங்களுக்கானது அல்ல. இன்க்ரா நிறுவனத்தின் ஐ-பாக்ஸ் வேறு ரகம். எட்டில் ஒரு பங்கு அங்குலம் முதல் பதினாறில் பதின்மூன்று பங்கு அங்குலம் வரை, அதாவது ஏறக்குறைய 3 முதல் 20 மி.மீ. வரை, எந்த அகலத்துக்கும் முளையை விரிக்கலாம், சுருக்கலாம். மேசை ரம்பத்திலும் ரவுட்டர் மேசையிலும் ஓடும். மில்லிமீட்டர் பிட், கூர் தீட்டித் தேய்ந்த பிட், எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. வாங்கத் தகுந்தது என்று சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. ஐ-பாக்ஸ் ஓடுவதற்கு மேசையில் மைட்டர் காடி, அதாவது ஜிக்கை நேராக ஓட்டும் நீளப் பள்ளம், வேண்டும். அமெரிக்க வழக்கப்படி முக்கால் அங்குல அகலம், எட்டில் மூன்று பங்கு அங்குல ஆழம், அதாவது 19க்கு 9.5 மி.மீ. வீட்டில் செய்த மேசைகளில் பெரும்பாலும் இந்தக் காடியே இருக்காது. உங்கள் மேசையில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், ஜிக் வந்து சேர்ந்த பிறகு மேசையை வெட்ட வேண்டியிருக்கும். அஞ்சல் செலவு, சுங்கம் எல்லாம் கட்டி வரவழைத்த பொருள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

லீ நிறுவனத்தின் ஆர்டிஜே400 போன்ற வார்ப்புரு ஜிக்குகள் புறாவால் இணைப்புக்காகவே (பற்கள் புறாவின் வால்போல விரிந்திருக்கும் இணைப்பு) பிறந்தவை. பாக்ஸ் ஜாயிண்டையும் வெட்டும். புறாவால் இணைப்பு செய்யும் எண்ணமில்லாமல் அதை வாங்குவது வீண். இன்க்ராவின் எல்எஸ் வகை பொசிஷனர் இருக்கிறதே, அது ஃபென்ஸையே (பலகையை ஒட்டி நிறுத்தும் தடுப்பை) திருகால் நகர்த்துவது, முளை கிடையாது. பல பலகைகளை ஒன்றாகக் கட்டி வெட்டலாம், அகலம் மாறும் பற்களையும் வெட்டலாம். அழகான கருவி, ஆனால் ஒரு பட்டறையே அதைச் சுற்றி அமைய வேண்டும். கனடாவைச் சேர்ந்த மத்தியாஸ் வாண்டல் மரப் பற்சக்கரங்களும் திருகுக் கம்பியும் கொண்டு செய்த ஜிக்கைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது மேசை ரம்பத்துக்கானது. செய்யும் இன்பத்துக்காகச் செய்யலாம், நான்கு இழுப்பறைக்காக வேண்டாம்.

சரி, நீங்களே செய்வது எப்படி? மைட்டர் காடி இல்லையென்று வைத்துக்கொள்கிறேன். மேசையின் இரு பக்க விளிம்புகளையும் கவ்விக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும் ஸ்லெட் ஒன்றைச் செய்யுங்கள். அடிப்பலகை, அதன் கீழே இரு ஓரங்களிலும் தொங்கும் ரீப்பர்கள், மேலே செங்குத்தாக நிற்கும் சுவர். இவை போதும். மேசையின் இரு விளிம்புகளும் இணையாக இருக்கின்றனவா என்று முதலில் அளந்துவிடுங்கள். இணையாக இல்லாவிட்டால் ஸ்லெட் ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் ஆடும். ஒரு பக்க ரீப்பரை மட்டும் விளிம்போடு அழுத்திக்கொண்டு ஓட்டினாலும் வேலை நடக்கும்.

அடிப்பலகை மெல்லியதாக இருக்க வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. அடிப்பலகை 12 மி.மீ. என்றால் பிட்டின் உயரத்தில் 12 மி.மீ. அங்கேயே போய்விடும். மேலே 12 மி.மீ. பல் வெட்ட வேண்டுமானால் பிட் 24 மி.மீ. வெளியே நிற்க வேண்டும், கால் அங்குலப் பிட்டுக்கு அது தற்கொலை. 4 அல்லது 6 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது ப்ளைவுட் போதும், மேலே நிற்கும் சுவர்தான் அதை நேராக வைத்திருக்கும்.

சுவரை இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். பின்னால் 18 மி.மீ. சுவர், அடிப்பலகையோடு திருகி, கோணமட்டம் வைத்துச் செங்குத்தாக. அதன் முகத்தில் 12 மி.மீ. முகப்பலகை ஒன்று, நீள்துளைகளும் சிறகு நட்டுகளும் போட்டு, இட வலமாகச் சில மில்லிமீட்டர் நகரும்படி. முளை இந்த முகப்பலகையில்தான் பதிந்திருக்கும். முகப்பலகையின் ஓரத்தில் ஒரு எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) திருகை முட்டவையுங்கள். எம்6 சாதாரணத் திருகு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். எட்டில் ஒரு பங்கு சுற்றினால் 0.125 மி.மீ. கடை ஜிக்குகளில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இந்த நுண்ணிய நகர்வைத்தான். நட்டு இறுக்கும்போது முகப்பலகை சற்று நகர்ந்துவிடுவதுண்டு. அதனால் இறுக்கிய பிறகே சோதனை வெட்டு.

முளைக்கு ஒரு நல்ல பொருள் லேத் கருவிக் கடையில் இருக்கிறது. சதுரக் குறுக்குவெட்டுள்ள எச்எஸ்எஸ் எஃகு டூல் பிட். கோவை, சென்னை போன்ற தொழில் நகரங்களில் எளிதாகக் கிடைக்கும். கால் அங்குலச் சதுரம், 6 மி.மீ. சதுரம் இரண்டும் உண்டு. நான்கு பக்கமும் சாணை பிடித்துத் துல்லியமாக வரும், ஆயுளுக்கும் தேயாது. இரண்டு வாங்குங்கள். ஒன்று முளை. மற்றொன்றை முளைக்கும் பிட்டுக்கும் நடுவில் வைத்து முதல் இடைவெளியை அமைக்கலாம். பிட்டைக் கையால் திருப்பி அதன் வெட்டு விளிம்பு அதைத் தொடும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள், மின்செருகியைக் கழற்றிவிட்டுத்தான். 12.7 மி.மீ. முளைக்கு டூல் பிட் சரிவராது. அது 12.7 உயரமும் நிற்கும், 12 மி.மீ. ஆழக் காடி அதன்மேல் உட்காராது. அதற்கு வேங்கை போன்ற கெட்டி மரத்தில் முளை இழைத்து, உயரத்தை 6 மி.மீ. அளவில் நிறுத்துங்கள், மெழுகு தடவுங்கள். எந்த முளையாக இருந்தாலும் அதன் உயரம் காடியின் ஆழத்தைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்.

முதல் பலகையை முழுதும் வெட்டி முடித்ததும் அதைத் திருப்பி, அதன் முதல் காடியை முளையில் மாட்டுங்கள். முதல் பல் இப்போது முளைக்கும் பிட்டுக்கும் இடையே உள்ள இடத்தை நிரப்பி நிற்கும். இரண்டாவது பலகையின் ஓரத்தை அதில் முட்டவைத்து வெட்டினால், ஓரத்தில் காடியோடு தொடங்கும். இரண்டும் மேல் விளிம்பில் சமமாக வந்து சேரும். பிறகு முதல் பலகையை எடுத்துவிட்டு, வெட்டிய ஓரக் காடியை முளையோடு முட்டவைத்துத் தொடருங்கள்.

சோதனை வெட்டை எப்போதும் உண்மையான மரத்திலேயே செய்யுங்கள். எம்டிஎஃப்பில் சரியாக அமைந்தது தேக்கில் இறுகும். நான்கைந்து பல் போதும். கையால் அழுத்தினால் முக்கால் பங்கு போய், மிச்சத்துக்கு உள்ளங்கையால் ஒரு தட்டு கேட்டால் அதுதான் அளவு. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் நீர் இருக்கிறது, பல் சற்று உப்பும். உலர்நிலையிலேயே சுத்தியலால் அடித்து இறக்கிய இணைப்பில் பசை தடவியதும் அது பாதி வழியில் நின்றுவிடும்.

பலகையின் உயரத்தை முன்கூட்டியே 120 என்று அறுத்துவிடாதீர்கள். 6.35 பிட்டின் கட்டம் 12.7, பத்துக் கட்டம் 127. சில மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, கடைசிப் பல் முழுதாக முடியும் இடத்தில் அறுத்துக்கொள்ளுங்கள். பற்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமைந்தால் மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கும்.

பிய்தல் பலகையின் பின்முகத்தில் நிகழும், பிட் வெளியேறும் பக்கம். முகப்பலகை புதிதாக, ஓட்டை பெரிதாகாமல் இருந்தால் அதுவே தாங்கிப் பிடிக்கும். முகப்பலகையை நகர்த்தி நகர்த்தி ஓட்டை அகன்றுவிட்டால் தயங்காமல் மாற்றுங்கள். அதனால்தான் அதைக் கழற்றும்படி செய்யச் சொன்னேன். ப்ளைவுட்டில் காடியின் அடிக்கோட்டைக் கத்தியால் முன்பே கீறிவிடுவது உதவும். உள்ளே பொத்தல் உள்ள மலிவு ப்ளைவுட்டில் எந்த ஜிக்கும் நல்ல பல் தராது. சுவரின் பின்னால் பிட் வெளியே வரும் இடத்தில் ஒரு கட்டையை ஒட்டி மூடிவிடுங்கள். விரல் அங்கே போகும் வழியே இருக்கக் கூடாது.

இனி, எப்போது வாங்கலாம்? மாதம் ஒரு முறையாவது வெவ்வேறு அகலத்தில் பற்கள் வெட்ட வேண்டிய வேலை உங்களுக்கு வருமானால், மேசையில் மைட்டர் காடியும் இருக்குமானால், ஐ-பாக்ஸ் வாங்குங்கள். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு முகப்பலகை, ஒரு முளை என்று சேர்த்துக்கொண்டே போவது அப்போது அலுப்பாகிவிடும். ஒன்றிரண்டு அகலங்களிலேயே வேலை முடியுமென்றால் வேண்டாம்.

18 மி.மீ. பலகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 12.7 பிட்டோடு இதே ஸ்லெட் போதும். ஆனால் தேக்கில் 18 மி.மீ. ஆழத்தை ஒரே தள்ளலில் எடுக்காதீர்கள். பிட்டை அடிப்பலகைக்கு மேல் 10 மி.மீ. நிற்கவைத்து எல்லாப் பலகைகளின் எல்லாக் காடிகளையும் வெட்டுங்கள். பிறகு பிட்டை 18 மி.மீ.க்கு உயர்த்தி அதே வரிசையில் மீண்டும் ஒரு சுற்று. முளை 6 மி.மீ. உயரம் மட்டுமே என்பதால் முதல் சுற்றின் ஆழமற்ற காடியும் அதன்மேல் சரியாக உட்காரும். இரண்டு சுற்றுக்கும் நடுவில் எம்6 திருகைத் தொடக் கூடாது.